பழைய கொச்சியை நடந்து பார்ப்பது எப்படி

கொச்சிப் பயணத்துக்கு நாள் குறிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது கிழமை. மட்டாஞ்சேரி அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அதற்கு அருகில் இருக்கும் பரதேசி ஜெப ஆலயத்துக்குள் ஞாயிறு முதல் வியாழன் வரை செல்வதாகத் திட்டமிடுவதே பாதுகாப்பானது. யூதப் பண்டிகை நாட்களிலும் அது மூடப்பட்டிருக்கும். ஃபோர்ட் கொச்சியின் தேவாலயங்களிலோ ஞாயிறு காலை வழிபாட்டுக்கு உரியது. ஆகவே வெள்ளி இரவு ரயிலேறிச் சனி, ஞாயிறுக்குள் ஊரைப் பார்த்துத் திரும்ப நினைப்பவர்கள் பூட்டிய கதவுகளையும் பார்க்க நேரும். ஞாயிறு மாலைக்குள் வந்து சேர்ந்து, திங்களும் செவ்வாயும் முழுமையாகத் தங்கும்படி அமைத்துக்கொண்டால் இரண்டு நகரங்களையும் அவசரமின்றிக் காணலாம். இரண்டு நகரங்கள் என்றே சொல்கிறேன். ஃபோர்ட் கொச்சியும் மட்டாஞ்சேரியும் ஒட்டிக் கிடந்தாலும் அவற்றின் வரலாறும் மனிதர்களும் வேறு வேறு.

ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பிற்பகலில் இடியுடன் பெய்யும் மழையை அங்கே துலாவர்ஷம் என்பார்கள். மார்ச் முதல் மே வரை வெயிலைக் காட்டிலும் புழுக்கம்தான் நடக்க விடாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரையிலான காலமே நடப்பதற்கு உகந்தது. ஆனால் டிசம்பர் 31 இரவு ஃபோர்ட் கொச்சியில் பாப்பாஞ்ஞி என்னும் பெரிய முதியவர் உருவத்தை எரித்துப் புத்தாண்டை வரவேற்பதைக் காணப் பெருங்கூட்டம் திரள்வதால், அந்த வாரத்துக்கான அறையை நெடுநாட்களுக்கு முன்பே பதிவு செய்ய வேண்டும். 2012 டிசம்பர் 12 அன்று தொடங்கிய கொச்சி முசிறி பினாலே என்னும் கலைக் கண்காட்சி நடைபெறும் ஆண்டாக இருந்தால், பழைய கிடங்குகள் பலவற்றுக்குள் நுழைந்து பார்க்கும் வாய்ப்பும் கூடவே கிடைக்கும்.

கோயம்புத்தூரிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் வழியாக ரயிலில் ஏறக்குறைய நான்கு மணி நேரப் பயணம். சென்னையிலிருந்து வருவோருக்கு இரவு ரயில்கள் உண்டு. கொச்சியின் நிலப்பகுதியான எர்ணாகுளத்தில் எர்ணாகுளம் ஜங்ஷன், எர்ணாகுளம் டவுன் என இரண்டு நிலையங்கள் இருப்பதால் பயணச்சீட்டில் எது அச்சாகியிருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நெடும்பாசேரி விமான நிலையம் நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது.

எர்ணாகுளத்தில் தங்கி, அன்றாடம் காரில் பாலங்களைக் கடந்து போய்வரலாம் என்று பலர் யோசனை சொல்வார்கள். நான் அதை ஏற்பதில்லை. ஃபோர்ட் கொச்சியில் வீடுகளின் ஒரு பகுதியை விருந்தினருக்கு ஒதுக்கியிருக்கும் ஹோம்ஸ்டேக்கள் நிறைய உள்ளன. அங்கே தங்கினால்தான் விடியற்காலையும் அந்திப் பொழுதும் உங்கள் வசமாகும். எர்ணாகுளத்திலிருந்து அங்கே செல்லவும் சாலையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். உயர் நீதிமன்றத்துக்கு அருகிலுள்ள துறையிலிருந்து வாட்டர் மெட்ரோ என்னும் படகுகளும், எர்ணாகுளம் படகுத்துறையிலிருந்து அரசின் நீர்ப் போக்குவரத்துத் துறைப் படகுகளும் செல்கின்றன. முன்னது குளிரூட்டப்பட்டது, பின்னது மலிவானது, காற்றோட்டமானது. எதில் ஏறினாலும், இடப்புறத்தில் ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் துறைமுகத்தை ஆழப்படுத்தத் தோண்டிய மண்ணைக் கொண்டு உருவாக்கிய வில்லிங்டன் தீவும், எதிரே கடல்வாயும் தெரியும். 1341இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் முசிறித் துறையைத் தூர்த்து, இந்தக் கடல்வாயை அகலத் திறந்துவிட்டது என்பது வரலாறு. போர்ச்சுக்கீசியர், டச்சுக்காரர், ஆங்கிலேயர் என ஒருவர் பின் ஒருவராக இந்த ஊருக்காகப் போரிட்டதன் காரணம் அந்தப் படகுப் பயணத்தில் விளங்கும்.

முதல் நாளை மட்டாஞ்சேரிக்குக் கொடுங்கள். கடற்கரையில் படமெடுத்துவிட்டு, மட்டாஞ்சேரியை ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொள்வோரே அதிகம். அது பெரிய இழப்பு. அரண்மனையை 16ஆம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் கட்டிக் கொச்சி அரசருக்கு அளித்தனர். 1663இல் ஊரைக் கைப்பற்றிய டச்சுக்காரர்கள் அதைப் புதுப்பித்ததால் டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைத்துவிட்டது. வெளித்தோற்றம் எளியதுதான். உள்ளே பள்ளியறைச் சுவர்களை நிறைத்திருக்கும் இராமாயண ஓவியங்களின் முன் குறைந்தது அரை மணி நேரம் நில்லுங்கள். காவியும் பச்சையும் மஞ்சளும் நெருங்கிச் செறிந்த அந்தச் சுவர்களில் கதை வரிசையாகச் செல்வதால், ஒரு மூலையிலிருந்து தொடங்கிப் பொறுமையாகப் பின்தொடர்ந்தால்தான் பிடிபடும். கீழ்த்தளத்தில் உள்ள மகளிர் அறை ஓவியங்களைத் தவறவிடுகிறவர்கள் பலர். கேட்டாவது கண்டுபிடித்துப் பாருங்கள்.

அங்கிருந்து சில நிமிட நடையில் யூதத் தெரு. அதன் முடிவில் 1568இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயம் இருக்கிறது. காலணிகளை வெளியே விட்டுத்தான் உள்ளே செல்ல வேண்டும். தோளும் முழங்காலும் மறையும் உடை அவசியம். கையால் நீல வண்ணம் தீட்டிய சீனப் பீங்கான் ஓடுகள் பதித்த தரையும், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகளும், 1760இல் எழுப்பப்பட்ட மணிக்கூண்டும் ஒரு சிறு சமூகத்தின் வணிகச் செல்வத்துக்குச் சான்றுகள். இஸ்ரேல் உருவான பின் இங்கிருந்த யூதக் குடும்பங்களில் பெரும்பாலானவை அங்கே குடிபெயர்ந்துவிட்டன. ஆகவே இதை ஒரு காட்சிக்கூடமாகக் கருதாமல் வழிபாட்டிடமாகவே மதித்துக் குரலைத் தாழ்த்துங்கள்.

பிறகு பஜார் சாலைக்குள் இறங்கி வடக்கு நோக்கி நடக்கலாம். சுக்கு, மிளகு, ஏலம் விற்கும் மொத்த வணிகக் கடைகளும் ஓட்டுக்கூரைக் கிடங்குகளும் ஒருபுறம் காயலைப் பார்த்தபடி நிற்கின்றன. கோவாவிலிருந்து வந்து குடியேறிய கொங்கணிகள் செர்லாயில் எழுப்பிய திருமலைக் கோவிலும், குஜராத்தி சாலையில் உள்ள சமணக் கோவிலும் சற்று விலகி நடந்தால் எட்டும் தூரத்தில் உள்ளன. மதிய உணவுக்கு, காயீஸ் என்று ஊரார் அழைக்கும் ரஹ்மத்துல்லா ஹோட்டலின் பிரியாணியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். கூட்டம் சேருமுன் சென்றுவிடுங்கள்.

இரண்டாம் நாள் விடிந்ததும் ஃபோர்ட் கொச்சிக் கரைக்குச் செல்லுங்கள். சீனவலைகள் ஓய்ந்து கிடப்பதை எந்த நேரத்திலும் பார்க்கலாம். அவை இயங்குவதைக் காணக் காலையும் மாலையுமே ஏற்றவை. கயிறுகளில் தொங்கும் கருங்கற்கள் எதிர் எடையாக இருக்க, நான்கைந்து பேர் சேர்ந்து இழுத்துப் பெரும் மரச்சட்டத்தைத் தூக்குகிறார்கள். மேடையேறிப் பார்க்க அழைத்தால் ஒரு தொகையை எதிர்பார்ப்பார்கள். கொடுப்பது முறைதான், முன்பே பேசிக்கொள்ளுங்கள். கரையில் மீன் வாங்கி அருகில் சமைத்துத் தரச் சொல்வதானால், எடைபோட்டு, சமையல் கூலியையும் கேட்டுக்கொண்ட பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து புனித பிரான்சிஸ் தேவாலயம் நடக்கும் தூரம். 1503இல் மரத்தால் எழுப்பப்பட்டுப் பின்னர் கட்டடமாக மாறிய இங்கேதான், 1524 டிசம்பரில் கொச்சியில் இறந்த வாஸ்கோ ட காமா அடக்கம் செய்யப்பட்டார். எலும்புகள் பின்னர் போர்ச்சுகலுக்குக் கொண்டு செல்லப்பட்டன. கல்லறைக் கல் மட்டும் இன்றும் இருக்கிறது. தலைக்கு மேலே தொங்கும் துணி விசிறிகளையும் கவனியுங்கள். வெளியே நிற்கும் பணியாட்கள் கயிற்றை இழுத்து அவற்றை அசைத்த காலம் ஒன்று இருந்தது. டச்சுக் கல்லறைத் தோட்டம் பெரும்பாலும் பூட்டியிருக்கும், வெளியிலிருந்து பார்த்தால் போதும்.

தமிழ் வாசகர்கள் வேளி பகுதியிலுள்ள டோபிகானாவுக்கு அவசியம் செல்ல வேண்டும். டச்சுக்காரர்கள் தங்கள் படையினரின் உடைகளை வெளுக்க அழைத்து வந்த தமிழ் வண்ணார் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் இன்றும் அங்கே தொழில் செய்கிறார்கள். வரிசையான துவைகல் தொட்டிகளும், முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கு இடையே துணியைச் செருகிக் காயவைக்கும் முறையும் பார்க்கத் தக்கவை. அது அவர்கள் பணியிடம் என்பதால், வணக்கம் சொல்லி அனுமதி பெற்ற பின்பே கேமராவை எடுங்கள். தமிழில் பேசினால் பதிலும் தமிழில் வரும்.

மிகக் குறைந்த கட்டணத்தில் ஊர் சுற்றிக் காட்டுவதாக ஆட்டோ ஓட்டுநர் சொன்னால், வழியில் கைவினைக் கடைகளுக்குள் அழைத்துச் செல்லப்படுவீர்கள் என்று எதிர்பார்க்கலாம். ஃபோர்ட் கொச்சிக் கரையில் கடலில் இறங்கிக் குளிக்க வேண்டாம். குளிக்க விரும்புவோர் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் ரோ-ரோ படகில் வைப்பின் தீவுக்குக் கடந்து, செறாயி கடற்கரைக்குப் பேருந்தில் செல்லலாம். புறப்படும் நாளில் அரை நாள் மீதமிருந்தால், மெட்ரோவில் திருப்பூணித்துறை வரை சென்று, கொச்சி அரசர்களின் ஹில் பேலஸைப் பார்த்துவிட்டு ரயிலுக்குத் திரும்பலாம். திங்கட்கிழமை மட்டும் அது திறந்திருக்காது.