டான்ஸ் டிரஸ்ஸுக்குப் பட்டு எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பரதநாட்டியம் கற்கும் பிள்ளைகள் முதன்முதலில் சலங்கை கட்டும் சலங்கை பூஜை சமயம் வந்துவிட்டால், டான்ஸ் டிரஸ்ஸாக வெட்டித் தைக்கச் சொல்லி தண்டையார்பேட்டையில் இருக்கும் என் தையல் கடைக்குப் பட்டுப்புடவைப் பைகள் வர ஆரம்பித்துவிடும். பையைப் பிரிக்கும்போதே எதில் வம்பு இருக்கிறது என்று தெரிந்துவிடும். தொழிலுக்கு வந்த புதிதில் நான் வெட்டிக் கெடுத்த மாதிரிப் புடவைகளைத்தான் இன்று புதுத் தம்பிகளும் வெட்டிக் கெடுக்கிறார்கள்.

சில்க் மார்க் பாருங்கள், நூலை எரித்துப் பாருங்கள், பில் கேட்டு வாங்குங்கள் என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அது கல்யாணத்துக்கு எடுக்கிறவர்களுக்கே தெரியும். கட்டுகிற புடவை வேறு, வெட்டுகிற புடவை வேறு. நான் சொல்வது இரண்டாவதைப் பற்றி.

ஒரு பக்க பார்டர்

இதை எத்தனை பேரிடம் சொன்னாலும் எரிச்சல் அடங்கமாட்டேன் என்கிறது.

ஒரு ஓரத்தில் சாண் அகல பார்டர், மறு ஓரத்தில் இரண்டு விரல் பார்டர். இப்படி நிறையப் புடவைகள் வருகின்றன. கட்டுகிறவருக்கு அதில் ஒரு குறையும் இல்லை. மேல் ஓரம் இடுப்பில் செருகி மறைந்துவிடும். ஆடுகிற பெண்ணின் டிரஸ்ஸிலோ பார்டர் வராத இடமே கிடையாது. இரண்டு கணுக்கால், முன்னால் கால்களுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக விரியும் விசிறியின் அடி, மேலாக்கின் ஓரம், இடுப்பைச் சுற்றிப் பின்னால் வரும் துணி, ரவிக்கைக் கை, எல்லாவற்றுக்கும் அதே பார்டர்தான் வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். ரவிக்கைத் துணி நீங்கலாகப் புடவை சுமார் 5.5 மீட்டர். இரண்டு பக்கமும் ஒரே பார்டர் என்றால் கையில் 11 மீட்டர் பார்டர் இருக்கிறது. ஒரு பக்கம்தான் என்றால் பாதி. விசிறி மடிப்பு துணியை மூன்று மடங்கு விழுங்கும்: விரியாமல் 40 சென்டிமீட்டர் அகலத்துக்கு நிற்கும் விசிறிக்கு 120 சென்டிமீட்டர் பார்டர் போய்விடும். இன்னொரு அடுக்கு வைக்கச் சொல்லி டீச்சர் கேட்டால் அதற்கும் தனியாக வேண்டும். பேன்ட் வெட்டும்போதுதான் உண்மையான இடி. கால் நீளத்தைப் புடவையின் அகலவாட்டில் போடுவோம், கீழ் பார்டர் கணுக்காலில் வந்து உட்காரும். மேலே மிஞ்சும் பட்டையில் பார்டர் இருந்தால் மேலாக்குக்கும் கைக்கும் ஆகும். இல்லையென்றால் அது வெறும் துண்டுத் துணி.

திருவொற்றியூரிலிருந்து ஒரு அம்மா. மகளின் சலங்கை பூஜைக்காகக் காஞ்சிபுரம் வரை போய், அரக்கு உடலில் பச்சை பார்டர் எடுத்து வந்திருந்தார். அசல் கோர்வை, அதாவது உடலையும் பார்டரையும் தனித்தனி ஊடை நூலில் நெய்து கோத்தது. உடலும் பார்டரும் கோத்த இடம் பின்பக்கம் விரலில் லேசாகத் தட்டியது. பார்க்கக் கண் நிறைந்தது. மேஜையில் விரித்துச் சாக்பீஸால் விசிறியையும் இரண்டு காலையும் குறித்தேன். பார்டர் ஏறக்குறைய தீர்ந்துவிட்டது.

"அக்கா, மேலாக்குக்கு பார்டர் வராது."

"இன்னாண்ணா சொல்றீங்க? இவ்ளோ துணி கெடக்குதே!"

துணி கிடந்தது, பார்டர் இல்லை. "டான்ஸுக்குத்தானே, எத எடுத்தாலும் தைச்சிடுவாங்க" என்று கடையில் சொல்லி அனுப்பினார்களாம். தைக்கிறவன் நெய்யவும் வேண்டும் போலிருக்கிறது! கடைசியில் எம்.சி. ரோட்டில் அலைந்து ரோல் பார்டர் வாங்கி ஒட்டுப் போட்டோம். பகலில் பொருந்தின மாதிரிதான் தெரிந்தது. புடவையில் இருந்தது வெள்ளிக் கம்பி சுற்றித் தங்க முலாம் பூசிய ஜரிகை; அடங்கிய மஞ்சள். ரோலில் இருந்தது பாலியஸ்டர் மினுக்கு. போகஸ் லைட் விழுந்ததும் மேலாக்கு மட்டும் மிட்டாய்த் தாள் மாதிரி பளபளத்தது. கொடுத்த விலைக்கு அந்த அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து அதைத்தான் பார்த்தார்.

ஆகவே கடையில் புடவையை முழுக்கப் பிரிக்கச் சொல்லுங்கள். முந்தானையை மட்டும் தோளில் போட்டுக் காட்டுவார்கள், மயங்காதீர்கள். இரண்டு ஓரத்தையும் சேர்த்துப் பிடித்து அகலம் ஒன்றா என்று பாருங்கள். நிறமும் ஒன்றா என்று பாருங்கள். கங்கா யமுனா பார்டர் என்றால் இரண்டு ஓரமும் இரண்டு நிறம். திட்டமிட்டுத் தைத்தால் அழகுதான், தெரியாமல் வாங்கினால் விசிறி ஒரு நிறம், மேலாக்கு ஒரு நிறம். கோர்வை இல்லாத புடவையில் உடலின் ஊடை நூலே பார்டருக்குள்ளும் ஓடும். அதனால் பார்டர் நிறம் கொஞ்சம் கலங்கித் தெரியும். சின்னப் பிள்ளைக்கு அது போதும். அரங்கேற்றத்துக்குக் கோர்வையே எடுங்கள்.

சாஃப்ட் சில்க்

விசிறி நிற்காது. வேண்டாம்.

உடல் முழுக்க ஜரிகை

விலை ஏற ஏற மேடையில் எடுப்பாக இருக்கும் என்று நினைக்கிறார்கள். ஜரிகை அடர்ந்த துணி மடிப்பில் தடித்து நிற்கும், தையல் ஓரத்தில் கம்பி பிரிந்து தோலை அறுக்கும், இரண்டு மணி நேர ஆட்டத்துக்குக் கனமும் கூடுதல். வெள்ளி ஜரிகை வியர்வை பட்டுக் கறுக்கவும் செய்யும், முதலில் அக்குளில்தான். கலாக்ஷேத்ரா பாணிப் புடவைகளைப் பாருங்கள்: அகல பார்டர், எதிர் நிறம், அடக்கமான ஜரிகை. கடைசி வரிசையிலிருந்தும் உருவம் தெளிவாகத் தெரியும்.

அம்மாவின் கல்யாணப் புடவை

ஆசை புரிகிறது. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து மடிப்புக் கோடுகளைப் பாருங்கள். வருஷக்கணக்கில் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு அந்தக் கோட்டில்தான் முதலில் விடும். முட்டியைப் பக்கவாட்டில் மடக்கி அரைமண்டியில் உட்கார்ந்தால் இழுவை முழுவதும் முட்டியிலும் பின்பக்கத்திலும். இற்றுப்போன பகுதியை நீக்கிவிட்டு மேலாக்குக்கும் ரவிக்கைக்கும் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். பேன்ட்டுக்கு நான் கத்திரி வைக்கமாட்டேன்.

கறுப்பு, கருநீலம்

பின்னால் தொங்கும் திரை என்ன நிறம் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

கட்டம் போட்ட பட்டு

விசிறி மடிப்பில் கோடுகள் ஒன்றோடொன்று சேர வேண்டும், அதற்குத் துணி கூடுதலாகப் போகும். தைப்பவருக்கு போட்டோ அனுப்பிக் கேட்ட பிறகு பணம் கட்டுங்கள்.

ஃபால் வைத்து, ரவிக்கைத் துணியை வெட்டிக் கொண்டுவருவது

தயவுசெய்து வேண்டாம். ஃபாலைப் பிரித்தால் பார்டரில் ஊசி ஓட்டை தெரியும். ரவிக்கைத் துணி தனியாக வீட்டிலேயே தங்கிவிடும், அதைத் தேடி எடுத்து வர இன்னொரு வாரம் ஆகும். கடையில் மடித்துக் கொடுத்தபடியே கொண்டுவாருங்கள்.