கதையைப் பற்றிப் பேசச் சில சொற்கள்

ஒரு நாவலைப் படித்து முடித்தபின் "நல்லா இருந்துச்சுங்க" என்பதற்கு மேல் பேச்சு நகராவிட்டால், சில கலைச்சொற்கள் கைகொடுக்கும்.

பங்காளிகள் கிணற்றுப் பாத்தியத்துக்காகப் பகைத்துக்கொண்டார்கள், தம்பி தன் பங்கை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போனான் என்று நடந்த வரிசையில் சொன்னால் அது கதை. பனியன் கம்பெனியின் இரவு வேலையில் குழாய்த் தண்ணீரின் ஓசை கேட்டு அவன் கிணற்றை நினைப்பதில் தொடங்கி, பகையின் காரணத்தைக் கடைசிவரை மறைத்து வைத்தால் அந்த அடுக்குமுறையே கதைப்பின்னல்.

பலரும் தடுமாறுவது கதைசொல்லி என்ற சொல்லில்தான். 'நான்' என்று பேசும் குரல் ஆசிரியருடையது அன்று. அதுவும் ஒரு படைப்பே. இக்கதையை அண்ணன் 'நான்' என்று சொன்னால் தம்பி பேராசைக்காரனாகவே தெரிவான். அண்ணனின் பேச்சே முன்னுக்குப்பின் முரண்பட்டால், அவரை நம்பகமற்ற கதைசொல்லி என்கிறோம். படர்க்கையில் எழுதி, அண்ணன் மனைவி கண்டதையும் உணர்ந்ததையும் மட்டும் காட்டினால், சொல்லும் குரல் வேறு, பார்க்கும் கண் வேறு. அந்தக் கண் இருக்கும் இடமே நோக்குநிலை.

வட்டார வழக்கு நமக்குப் பழகிய சொல்தான். 1942இல் வெளிவந்த ஆர். சண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' கொங்குப் பேச்சை நாவலுக்குள் கொண்டுவந்தது. அவ்வழக்கு உரையாடலில் மட்டும் வருகிறதா, கதைசொல்லியின் மொழியிலும் கலக்கிறதா என்பதைப் படிக்கும்போதே பென்சிலால் குறித்து வையுங்கள்.