காசிமேட்டில் நின்றபடியே போர்ச் செய்தி எழுதப் பழகுவது எப்படி?

ராயபுரத்தில் இதழியல் படிக்கிற ஒரு தம்பி, "போர்ச் செய்தியாளர் ஆகணும்னா முதல்ல என்ன வாங்கணும்ணா?" என்று கேட்டான். குண்டு துளைக்காத சட்டை என்று சொல்வேன் என நினைத்திருப்பான் போல. ஒரு நாற்பது பக்க நோட்டு போதும், விடியற்காலையில் எழுந்திருக்கத் தெரிந்தால்.

மேரி கால்வினைப் படிக்கச் சொன்னேன். அமெரிக்கர், லண்டன் சண்டே டைம்ஸ் செய்தியாளர். இலங்கையில் செய்தியாளர்களுக்குத் தடை இருந்த வன்னிக்குள் போய்விட்டு 2001 ஏப்ரலில் திரும்பும்போது எறிகுண்டு வெடித்து இடது கண் பார்வை போனது. அப்புறம் கறுப்புக் கண்பட்டையோடுதான் வேலை பார்த்தார். 2012 பிப்ரவரி 22-ல் சிரியாவின் ஹோம்ஸ் நகரில் ஷெல் வீச்சில் இறந்தார். அதற்குச் சில நாள் முன்பு வந்த அவருடைய செய்தியில், சுமார் 300 பெண்களும் குழந்தைகளும் பதுங்கியிருந்த ஒரு நிலவறை வருகிறது. அது ஒரு மரத் தொழிற்சாலைக்கு அடியில் இருந்தது என்பது வரை எழுதியிருக்கிறார். 'ஏராளமானோர் அவதி' என்று எழுத நாற்காலியை விட்டு எழவே வேண்டாமே!

சரி, பயிற்சிக்கு வாங்க. ஞாயிறு விடியலில் காசிமேடு மீன் ஏலத்துக்குப் போங்கள், நோட்டுப் பக்கத்தை நடுவில் மடித்து இடதில் கண்ணால் பார்த்தது, வலதில் காதால் கேட்டது என்று பிரித்துக்கொள்ளுங்கள். இதைக் கலக்காமல் இருப்பதுதான் பாதி வேலை. நானே முதல் நாள் டீக்கடையில் ஒருத்தர் "இன்னிக்கு வரத்தே இல்ல" என்றதை இடது பக்கம் எழுதிவிட்டேன். அரை மணி கழித்து வஞ்சிரம் கூடை கூடையாக இறங்கியது. கூடைகளை எண்ணுங்கள். ஏலம் நடக்கும்போது யாரிடமும் பேச்சுக் கொடுக்காதீர்கள், முடிந்து ஐஸ் போடும்போது அவர்களே பேசுவார்கள்.

அளப்பதும் அப்படித்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் கலந்தபோது, படகின் பக்கவாட்டில் கறுப்பு எத்தனை சாண் ஏறியிருந்தது என்று எழுதினால் படிக்கிறவருக்குப் புரியும்.

முதலுதவி கட்டாயம் கற்றுக்கொள்ளுங்கள். புகைப்படக்காரர் டிம் ஹெதரிங்டன் 2011-ல் லிபியாவின் மிஸ்ராட்டாவில் தொடையில் பட்ட காயத்தால் ரத்தம் போய்த்தான் இறந்தார். அவருடைய நண்பர் செபாஸ்டியன் யுங்கர் அதன் பிறகுதான் சுதந்திரச் செய்தியாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி தரும் அமைப்பைத் தொடங்கினார்.

இன்னொன்று: வெளிநாட்டிலிருந்து வருகிறவர் தனியாக எதையும் சாதிப்பதில்லை. மொழி, வழி, யாரை நம்பலாம் என்பதெல்லாம் உள்ளூர்க்காரர் கொடுப்பது, ஃபிக்ஸர் என்பார்கள். செய்தியில் அவர் பெயர் பெரும்பாலும் வராது, எனக்கு இதில் கோபம் உண்டு. கால்வின் இறந்த அதே தாக்குதலில் அவருடைய மொழிபெயர்ப்பாளரும் காயமடைந்தார்.

அடுத்த வாரம் திரும்பப் போய், எழுதியதை அதே ஆட்களிடம் வாசித்துக் காட்டுங்கள். எனக்கு ஒரு மீன்கார அக்கா நோட்டை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது: "தம்பி, அது மத்தி இல்ல, கவலை மீனு. அடிச்சு எழுது."