ஜாப் ஆர்டர் பட்டறையில் சொன்ன தேதிக்கு டெலிவரி: எங்கிருந்து தொடங்குவது?

ஒரு ஆர்டரில் 5 பீஸ், அடுத்ததில் 50, தினம் ஒரு புது டிராயிங். கோவையில் இப்படி ஓடும் பட்டறைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கே தாமதம் பெரும்பாலும் மெஷினில் நடப்பதில்லை. மெஷினுக்கு முன்னால் காத்துக் கிடக்கும் ட்ரேயில்தான் நாள் கரைகிறது.

படி 1: மூன்று மாத இன்வாய்ஸை எடுங்கள். பார்ட்டிக்கு முதலில் சொன்ன தேதியையும் சரக்கு போன தேதியையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். போனில் பேசித் தள்ளிப்போட்ட தேதி கணக்கில் சேராது. சேர்த்தால் எல்லாப் பட்டறையும் நூற்றுக்கு நூறுதான்!

படி 2: தொடங்கி முடியாமல் இருக்கும் ஜாப் கார்டுகளை (ஒவ்வொரு வேலைக்கும் போடும் அட்டை) எண்ணுங்கள். 60 கார்டு இருக்கிறது, ஒரு நாளைக்குச் சராசரி 4 முடிகிறது என்றால், ஒரு ஜாப் உள்ளே போய் வெளியே வரச் சராசரி 15 வேலை நாள். அமெரிக்கப் பேராசிரியர் ஜான் லிட்டில் 1961-இல் நிரூபித்த விதி இது. இந்த நிலையில் 'ஒரு வாரத்தில் தருகிறேன்' என்றால், இன்னொருவர் ஜாப்பை ஓரங்கட்டித்தான் தர முடியும்.

படி 3: கஷ்டமானது இதுதான். மெட்டீரியல் வந்துவிட்டது என்பதற்காக ஜாப்பை உள்ளே விடாதீர்கள். உள்ளே 40 கார்டுதான் என்று வரம்பு கட்டுங்கள். ஒன்று முடிந்து போனால்தான் அடுத்தது நுழையலாம், அதுவும் டிராயிங், மெட்டீரியல், டூல், கேஜ் (அளவு சரிபார்க்கும் கருவி) நான்கும் கைக்கு வந்தபிறகு. ஒரு நாளைக்கு 4 முடிவது குறையாதவரை உள்ளே இருக்கும் காலம் 10 நாளாகிவிடும்.

மீதி 20 கார்டு ஆபீஸில் 5 நாள் காத்திருக்குமே, மொத்தம் அதே 15 தானே என்று கேட்பீர்கள். சரிதான். ஆனால் ஆபீஸில் இருக்கும் கார்டை அவசரத்துக்கு முன்னே பின்னே மாற்றலாம். டிராயிங் மாறினாலும் நஷ்டமில்லை. பாதி வெட்டிய பீஸில் அது நடக்காது.

லேத் ஆபரேட்டர் சும்மா நிற்பதைப் பார்த்தால் முதலாளிக்கு மனசு அடித்துக்கொள்ளும். நிற்கட்டும். எல்லா ஜாப்பும் போய் நெரியும் மெஷின், பல இடங்களில் வி.எம்.சி. (கணினி இயக்கும் மில்லிங் மெஷின்), அது மட்டும் நிற்கக்கூடாது. லேத்காரர் அதற்கு அடுத்த செட்டிங்குக்கான டூலை எடுத்து வைக்கலாமே.

படி 4: இனி தேதி சொல்லும்போது ஆபீஸ் வரிசை, உள்ளே ஆகும் நாள், ஹீட் ட்ரீட்மென்ட், பிளேட்டிங் என்று வெளியே போய்வரும் நாள் மூன்றையும் கூட்டுங்கள். சராசரி என்றால் பல ஜாப் அதைத் தாண்டும். அதனால் இரண்டு மூன்று நாள் சேர்த்தே சொல்லுங்கள்.