ஏ320 ஆட்-ஆன் நிஜ விமானம் போலப் பறக்கிறதா? வீட்டிலேயே அளந்து பார்க்கும் முறை

வீட்டுக் கம்ப்யூட்டரில் ஓடும் சிமுலேட்டருக்குப் பயணிகள் விமான ஆட்-ஆன் (தனியாகச் சேர்க்கும் விமான மாடல்) செய்ய இறங்குபவர்கள் பெரும்பாலும் காக்பிட்டின் தோற்றத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். திருகாணி, தேய்ந்த பெயின்ட், திரையில் பதிந்த கைரேகை வரை கொண்டுவந்துவிடுவார்கள். அழகுதான். ஆனால் அதே விமானத்தை 10,000 அடியில் ஐடில் த்ரஸ்ட்டில் (இன்ஜினின் மிகக் குறைந்த தள்ளுவிசையில்) விட்டால் 5,000 அடிக்கு வருவதற்குள் எத்தனை கடல் மைல் போகும் என்று கேட்டால் பதில் இருக்காது. என்னைப் பொறுத்தவரை உண்மைத்தன்மை அந்தப் பதிலில்தான் இருக்கிறது. அதை யாரும் அளக்கலாம். பொறுமையும் ஒழுங்கும் இருந்தால் போதும்.

விமானிகள் பயிற்சி பெறும் பெரிய சிமுலேட்டர்களுக்கு இதற்கென்று ஒரு முறை உண்டு. குவாலிஃபிகேஷன் டெஸ்ட் கைடு, சுருக்கமாக கியூடிஜி என்பார்கள். நிஜ விமானத்தைப் பறக்கவிட்டு எடுத்த பதிவையும், சிமுலேட்டர் தரும் பதிவையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார்ப்பார்கள். ஏறும் சோதனையில் வேகம் 3 நாட்டுக்குள் ஒத்துப்போக வேண்டும். ஏறும் வீதத்தில் நிமிடத்துக்கு 100 அடி அல்லது 5% வரைதான் வித்தியாசம் இருக்கலாம். நமக்கு அவ்வளவு துல்லியம் கிடைக்காது, ஆனால் முறையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். உதாரணத்துக்கு ஏ320-ஐ எடுத்துக்கொள்கிறேன். எக்ஸ்-பிளேன், மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர், ஃபிளைட்கியர் எதில் வேலை செய்தாலும் படிகள் ஒன்றுதான்.

படி 1: எந்த ஏ320 என்று முடிவு செய்யுங்கள்

ஏ320 என்பது ஒரே விமானம் இல்லை. பழைய வகையில் சிஎஃப்எம்56 இன்ஜினும் உண்டு, வி2500 இன்ஜினும் உண்டு. நியோவில் லீப்-1ஏ அல்லது பிராட் அண்ட் விட்னி. சிஎஃப்எம் இன்ஜினில் த்ரஸ்ட்டை என்1 (முன்விசிறியின் சுழல்வேகம்) சதவீதமாகப் பார்ப்பார்கள், வி2500-இல் இபிஆர் என்ற அழுத்த விகிதமாக. இறக்கை நுனியில் ஷார்க்லெட் இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்து எரிபொருள் கணக்கும் மாறும். வகை, இன்ஜின், அதிகபட்ச எடை மூன்றையும் ஒரு தாளில் எழுதி மேசை முன்னால் ஒட்டிவிடுங்கள். இந்தப் பதிவில் வரும் இன்ஜின் எண்கள் சிஎஃப்எம்56-5பி பொருத்திய பழைய ஏ320-க்கானவை.

படி 2: ஆவணம் சேருங்கள்

இலவசமாகவே நல்ல சரக்கு கிடைக்கும். ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு அமைப்பான ஈஆஸா தன் தளத்தில் ஏ.064 என்ற எண்ணில் ஏ320 குடும்பத்தின் வகைச் சான்றிதழ் விவரத்தாளை வைத்திருக்கிறது. ஏர்பஸ் நிறுவனமே விமான நிலையத் திட்டமிடலுக்கென்று ஓர் ஆவணம் வெளியிடுகிறது. அளவுகள், எடைகள், டேக்ஆஃபுக்குத் தேவையான ஓடுபாதை நீளம், திரும்பும் ஆரம் எல்லாம் அதில் வரைபடங்களாக இருக்கும். புதிதாக வருபவர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. நான் முதலில் திறப்பது இதைத்தான்.

விமானிகளின் கையேடுகள் ஒவ்வொரு விமான நிறுவனத்துக்கும் திருத்தத்துக்கும் மாறும். ஒரு எண்ணை எடுத்தால் எந்தக் கையேட்டின் எந்தத் திருத்தத்திலிருந்து எடுத்தீர்கள் என்பதையும் பக்கத்தில் குறித்துவையுங்கள்.

படி 3: காற்றைக் கட்டிப்போடுங்கள்

லைவ் வெதரை அணைத்துவிடுங்கள். கடல் மட்டத்தில் 15 டிகிரி, 1013 ஹெக்டோபாஸ்கல், காற்றே இல்லை. எடை 64 டன், எரிபொருள் 6 டன் என்று ஏதாவது ஒரு நிலையை வைத்துக்கொண்டு கடைசிவரை மாற்றாதீர்கள். எடை மையத்தையும் அப்படித்தான். பதிவு எடுக்க எக்ஸ்-பிளேனில் டேட்டா அவுட்புட் இருக்கிறது, மைக்ரோசாஃப்ட் சிமுலேட்டரில் சிம்கனெக்ட், ஃபிளைட்கியரில் லாக்கிங். திரையைப் பார்த்து மனதில் வைத்துக்கொள்வது சோதனை ஆகாது.

படி 4: மூக்குக் கோணம், த்ரஸ்ட், வேகம்

எந்த விமானத்துக்கும் ஒரு குறிப்பிட்ட எடையில், ஒரு குறிப்பிட்ட மூக்குக் கோணமும் த்ரஸ்ட்டும் வைத்தால் ஒரு குறிப்பிட்ட வேகம்தான் வரும். வேகமானி நம்பமுடியாமல் போகும்போது விமானிகள் நம்புவது இதைத்தான். அவசரக் கையேட்டில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. ஏ320 விமானிகள் அதன் முதல் வரிகளை மனப்பாடமாக வைத்திருப்பார்கள்: டேக்ஆஃப் ஆன உடனே டோகா த்ரஸ்ட்டும் (லீவரை முழுவதும் தள்ளினால் வரும் அதிகபட்ச த்ரஸ்ட்) 15 டிகிரியும், த்ரஸ்ட் குறைத்த பிறகு கிளைம்ப் த்ரஸ்ட்டும் 10 டிகிரியும், 10,000 அடிக்கு மேல் 5 டிகிரி. உங்கள் ஆட்-ஆனில் இதையே செய்து பாருங்கள். வேகம் ஸ்டாலை (இறக்கை தூக்குவிசையை இழக்கும் நிலையை) நோக்கி விழுந்தாலோ அதிகபட்ச எல்லையைத் தாண்டினாலோ அடிப்படையே சரியில்லை என்று அர்த்தம்.

அடுத்து ஐடில் இறக்கம். ஆயிரம் அடிக்கு ஏறத்தாழ 3 கடல் மைல் என்பது விமானிகளின் தோராயக் கணக்கு. 250 நாட்டில் 10,000 அடியிலிருந்து 5,000 அடிக்கு வர 15 கடல் மைல் அளவில் ஆக வேண்டும். 25 ஆனால் டிராக் (காற்றின் எதிர்ப்பு) குறைவு, அல்லது ஐடிலில் த்ரஸ்ட் அதிகம். இரண்டில் எது?

இந்த இடத்தில் நிதானம் வேண்டும். டிராகில் ஒரு பிழையும் த்ரஸ்ட்டில் ஒரு பிழையும் இருந்தால், ஏதாவது ஒரு புள்ளியில் இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிட்டு விடை சரியாகத் தெரியும். 35,000 அடியில் வேகம் கச்சிதமாக இருக்கும், அப்ரோச்சில் (தரையிறங்க ஓடுபாதையை நெருங்கும்போது) விமானம் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் குறைந்தது மூன்று நிலைகளில் அளக்க வேண்டும்: உயரத்தில் குரூஸ், தாழ்வாக 250 நாட்டில் நேர்ப் பறப்பு, ஃபிளாப்பும் (இறக்கையின் பின்விளிம்புப் பலகை) கியரும் (சக்கரங்கள்) இறக்கிய அப்ரோச். குரூஸில் இரண்டு இன்ஜினும் சேர்ந்து மணிக்கு 2.4 டன் அளவில் எரிபொருள் குடிக்க வேண்டும். வேகம் சரி, எரிபொருள் தப்பு என்றால் இன்ஜின் அட்டவணையைப் பாருங்கள். ஃபிளாப் ஏற்றியிருக்கும்போது எல்லாம் சரியாக இருந்து, இறக்கியதும் கெட்டுப்போனால் ஃபிளாப்பின் டிராகைப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒரே ஓர் எண்ணை மாற்றுங்கள், மூன்று நிலையையும் மறுபடி ஓட்டுங்கள். சலிப்பாகத்தான் இருக்கும், ஆனால் இதற்குக் குறுக்குவழி கிடையாது.

படி 5: நேரத்தை அளங்கள்

ஆட்-ஆன்கள் அதிகமாகச் சறுக்குவது இங்கேதான். முடிவில் நிற்கும் எண் சரியாக இருக்கும். அங்கே போய்ச் சேரும் விதம் தப்பாக இருக்கும்.

இன்ஜின் ஸ்டார்ட்டை எடுத்துக்கொள்வோம். மாஸ்டர் சுவிட்சைப் போட்டதும் ஸ்டார்ட் வால்வு திறக்கும், என்2 (இன்ஜினின் உள்சுழலி வேகம்) மெல்ல ஏறும். 16% வரும்போது இக்னிஷன், 22%-இல் எரிபொருள். அதன் பிறகுதான் வெளியேறும் வாயுவின் வெப்பநிலை எகிறும். ஸ்டார்ட்டின்போது 725 டிகிரி எல்லை. 50%-இல் ஸ்டார்ட் வால்வு மூடும், இக்னிஷன் நிற்கும். கடைசியில் என்1 20%, வெப்பநிலை 400 டிகிரி, என்2 60%, எரிபொருள் மணிக்கு 300 கிலோ என்று ஏறத்தாழ நிற்கும். இதை 2-4-6-3 என்று நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

போன் கேமராவில் உங்கள் திரையைப் படமெடுத்து மெதுவாக ஓட்டிப் பாருங்கள். வெப்பநிலை எரிபொருளுக்கு முன்னாலேயே ஏறுகிறதா? உச்சத்துக்குப் போய்க் கொஞ்சம் இறங்கி நிலைகொள்கிறதா, நேர்க்கோடாக ஏறி நிற்கிறதா? நேர்க்கோடு என்றால் யாரோ ஆரம்ப எண்ணையும் முடிவு எண்ணையும் கொடுத்து இடையில் கோடு போட்டிருக்கிறார்கள்.

த்ரஸ்ட் கூட்டும்போதும் இதே கதைதான். சான்றளிப்பு விதிப்படி, பறக்கும்போதுள்ள ஐடிலிலிருந்து 95% த்ரஸ்ட்டுக்கு 5 விநாடிக்குள் போக வேண்டும். ஆனால் அந்த 5 விநாடியும் சமமாக ஓடாது. முதலில் இன்ஜின் தயங்கும், பாதி தாண்டியதும் பாயும். இன்னொன்று: ஃபிளாப் இறக்கியதும் ஏ320 தன் ஐடிலைக் கொஞ்சம் உயர்த்திக்கொள்ளும், கோ-அரவுண்டுக்குத் (தரையிறங்காமல் மறுபடி மேலேறுவதற்கு) தயாராக. ஃபிளாப் இல்லாமல் ஒருமுறை, இறக்கி ஒருமுறை லீவரை டோகாவுக்குத் தள்ளிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே நேரம் ஆனால் இந்த விஷயம் மாடலில் இல்லவே இல்லை.

படி 6: கம்ப்யூட்டரை விலக்கிப் பாருங்கள்

ஏ320-இல் ஸ்டிக்குக்கும் இறக்கைக்கும் நடுவே கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. அவை எல்லாம் சரியாக இருக்கும்போது பின்பற்றும் கட்டுப்பாட்டு விதிதான் நார்மல் லா. முதலில் அதைச் சரிபாருங்கள். 33 டிகிரி வரை சாய்த்து ஸ்டிக்கை விட்டால் அப்படியே நிற்க வேண்டும். அதற்கு மேல் சாய்த்து விட்டால் தானாக 33-க்குத் திரும்ப வேண்டும். முழுவதும் தள்ளினாலும் 67-ஐத் தாண்டக் கூடாது. தரையிறங்கும்போது 50 அடியில் மூக்குக் கோணத்தை நினைவில் வைத்துக்கொண்டு, 30 அடியிலிருந்து 8 விநாடியில் அதை 2 டிகிரி கீழ் வரை இறக்கப் பார்க்கும். அதனால்தான் விமானி ஸ்டிக்கைப் பின்னால் இழுக்க வேண்டியிருக்கிறது. உங்கள் விமானம் கை வைக்காமலே பூப்போல இறங்கினால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் நார்மல் லா மோசமான காற்றியக்க மாடலையும் மறைத்துவிடும். அதை விலக்க ஏடிஆர் (வேகம், உயரம் போன்ற காற்றுத் தரவைத் தரும் அமைப்பு) 1, 2 இரண்டையும் அணையுங்கள். பாதுகாப்புகள் குறைந்த ஆல்டர்னேட் லா வர வேண்டும். பிறகு கியரை இறக்குங்கள். ஸ்டிக்கின் அசைவு நேரடியாகக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்குப் போகும் டைரக்ட் லாவுக்குப் போய், திரையில் ஆம்பர் நிறத்தில் பிட்ச் டிரிம்மைக் கையால் போடச் சொல்லும் வரி தெரிய வேண்டும். இது வராவிட்டால் அங்கேயே ஒரு பிழை அகப்பட்டுவிட்டது.

டைரக்ட் லாவில் உண்மை வேகம் 200 நாட்டில் டிரிம் செய்து (ஸ்டிக்கை விட்டாலும் வேகம் நிற்கும்படி சமன்செய்து), மூக்கைச் சற்று உயர்த்தி, ஸ்டிக்கை விடுங்கள். வேகம் குறைந்து, மூக்கு இறங்கி, வேகம் கூடி, மறுபடி ஏறும். ஃபுகாய்ட் என்ற இந்த நீண்ட அலைவின் காலத்தைக் காகிதத்திலேயே கணக்கிடலாம்: வேகத்தை மீட்டர்/விநாடியாக்கி 0.453-ஆல் பெருக்குங்கள். 200 நாட் என்றால் விநாடிக்கு 103 மீட்டர், காலம் ஏறத்தாழ 47 விநாடி. கொஞ்சம் முன்பின் வரலாம். 15 விநாடியில் ஒரு சுற்று முடிந்தாலோ, அலைவே இல்லாமல் அசையாமல் நின்றாலோ மாடலில் ஏதோ செயற்கையாகப் பிடித்துவைத்திருக்கிறது.

படி 7: பழுதாக்குங்கள்

ஏ320-இல் பயணம் செய்தவர்கள், குறிப்பாக இறக்கைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள், தரையில் நிற்கும்போது நாய் குரைப்பது போல ஒரு சத்தம் கேட்டிருப்பார்கள். அது பிடியு, ஒரு ஹைட்ராலிக் அமைப்பின் அழுத்தத்தைக் கொண்டு இன்னொன்றை இயக்கும் கருவி. பச்சை, மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்புகளுக்கிடையே 500 பிஎஸ்ஐ-க்கு மேல் அழுத்த வித்தியாசம் வந்தால் அது ஓடும். இரண்டாவது இன்ஜினை ஸ்டார்ட் செய்யும்போது தன்னைத்தானே சோதித்துக்கொள்ளவும் ஓடும். பல ஆட்-ஆன்களில் இது இரண்டாவது இன்ஜின் சுவிட்சோடு கட்டிவைத்த ஒலிக்கோப்பு மட்டும்தான். கண்டுபிடிப்பது சுலபம்: பிடியு பட்டனை அணைத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். அப்போதும் குரைத்தால் பின்னால் ஹைட்ராலிக் மாடலே இல்லை.

அப்புறம் மின்சாரம். பறக்கும்போது எல்லா ஜெனரேட்டர்களையும் அணையுங்கள். வேகம் 100 நாட்டுக்கு மேல் இருந்தால் ராட் என்ற சிறு காற்றாடி தானாக வெளியே வந்து, நீல ஹைட்ராலிக்கை இயக்கி, அதன் வழியே அவசர ஜெனரேட்டரைச் சுழற்றும். இதற்கு 8 விநாடி அளவில் ஆகும். அதுவரை பேட்டரிதான். துணை விமானியின் திரைகள் அணைய வேண்டும், ராட் வந்த பிறகும் அவை திரும்ப எரியக் கூடாது.

படி 8: கம்ப்யூட்டரின் வேகம்

ஒரே சோதனையை விநாடிக்கு 60 ஃபிரேமிலும், கிராஃபிக்ஸைக் கூட்டிவைத்து 25 ஃபிரேமிலும் ஓட்டுங்கள். ஆட்டோபைலட் ஒன்றில் அமைதியாகவும் இன்னொன்றில் ஆடிக்கொண்டும் பறந்தால், உங்கள் கணக்கு நேரத்தைப் பார்க்காமல் ஃபிரேமை எண்ணுகிறது. ஜாய்ஸ்டிக் சென்சிட்டிவிட்டியை நேர்க்கோட்டில் வையுங்கள்.

படி 9: விமானியிடம் கேளுங்கள், ஆனால் சரியாகக் கேளுங்கள்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் விமானி ஒருவரிடம் கொடுங்கள். “எப்படி இருக்கு?” என்று கேட்டால் “நல்லா இருக்கு” என்றுதான் வரும். அவருக்குக் கையில் இருப்பது வீட்டு ஜாய்ஸ்டிக், உடம்பில் உணரும் ஈர்ப்பும் இல்லை. “அப்ரோச்சில் ஃபிளாப் 2-லிருந்து 3-க்குப் போகும்போது மூக்கு எந்தப் பக்கம் போகும் சார்? நீங்க கை வைக்கணுமா, அதுவே பார்த்துக்குமா?” என்று கேளுங்கள். அவர் நிறுவனத்தின் கையேட்டை அனுப்பச் சொல்லி நெருக்காதீர்கள்.

அவர் சொல்வதையும் மற்ற சோதகர்கள் சொல்வதையும் ஒரே வடிவில் எழுதிவையுங்கள்: “ஆட்-ஆன் பதிப்பு, எடை, உயரம், வேகம், ஃபிளாப் நிலை, என்ன செய்தேன், என்ன வர வேண்டும், எந்த ஆவணப்படி, என்ன வந்தது.” திறந்த மூலத்தில் ஃப்ளைபைவயர் குழு செய்துவரும் ஏ32என்எக்ஸ் திட்டத்தில் பிழைகள் எப்படிப் பதிவாகின்றன என்று கிட்ஹப்பில் போய்ப் பாருங்கள். முதல் பிழைக் குறிப்பை எழுதுவதற்கு முன் அங்கே ஒரு சாயங்காலம் செலவழிப்பது நல்லது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் படி 4-இன் மூன்று நிலைகளையும் மறுபடி ஓட்டி, பழைய பதிவுக்கோப்புக்குப் பக்கத்திலேயே தேதியோடு சேமித்துவையுங்கள்.