கோடையில் பென்ட்கிராஸ் கிரீன்: மருந்தை இலைக்கு அடித்தால் வேருக்குப் போகாது

ஜூலையில் அமெரிக்காவின் வட கரோலினா, வர்ஜீனியா பக்கத்து கோல்ஃப் கிரீன்கள் (பந்தைக் குழியில் தள்ளும், ஒட்ட வெட்டிய புல்தரை) திட்டுத்திட்டாகப் பழுக்கும். பென்ட்கிராஸ் குளிருக்கான புல். மண்ணின் சூடு 24 டிகிரியைத் தாண்டினால், நோயே இல்லாவிட்டாலும் வேர் சுருங்கத் தொடங்கும். சூட்டில் செத்த வேரை எந்தப் பூஞ்சாணக்கொல்லியும் முளைக்க வைக்காது. அதனால் முதலில் மண்ணைத் தோண்டுங்கள், டப்பாவை அப்புறம் திறக்கலாம்.

1. வேரைப் பாருங்கள்

திட்டின் ஓரத்தில் ஒன்று, நல்ல புல்லில் ஒன்று என 15 செ.மீ. ஆழத்துக்கு மண் உருளை எடுத்துக் கழுவுங்கள். வேர் வெளிர் பழுப்பாக, தூவி இல்லாமல், நுனி சற்றே பருத்திருந்தால் பித்தியம் வோலூட்டம் (வேரைத் தாக்கும், பூஞ்சை போன்ற நுண்ணுயிர்) என்று சந்தேகிக்கலாம். உறுதிசெய்ய நுண்ணோக்கி வேண்டும். தெளிப்பதற்கு முன்பே மாதிரியை ஆய்வகத்துக்கு அனுப்பிவிடுங்கள்.

2. பிளைவுட் போடுங்கள்

4×8 அடிப் பலகை ஒன்றைப் புல்லின் மேல் வைத்துவிட்டுத் தெளியுங்கள், முடிந்ததும் எடுத்துவிடுங்கள். மருந்து படாத அந்த இடம்தான் உங்கள் அளவுகோல். இதைவிட மலிவான கருவி கிடையாது.

3. மருந்தின் குழு எண்ணைப் படியுங்கள்

மருந்து எப்படி வேலை செய்கிறது என்பதைக் குழு எண் சொல்லும். டப்பாவில் 3 என்றிருந்தால் அது புரோபிகோனசோல், டெபுகோனசோல் போன்ற டிரையசோல் வகை. பூஞ்சையின் செல் சவ்வுக்கு வேண்டிய ஸ்டீரால் உருவாவதைத் தடுப்பது இதன் வேலை. பித்தியம் தனக்கான ஸ்டீராலைத் தானே செய்வதில்லை. ஆகவே இந்த மருந்து அதைத் தொடாது. புல்லைத் தொடும். ஜிப்பரலின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைந்து இலை குட்டையாகி, அகலமாகி, கருநீலப் பச்சையாகத் தெரியும். அதை ஆரோக்கியம் என்று நம்பிவிடாதீர்கள். பக்லோபியூட்ரசோல் போன்ற வளர்ச்சிக் கட்டுப்படுத்தி ஏற்கெனவே போட்டிருந்தால் இரண்டும் கூடி, சூட்டில் அடிபட்ட புல்லால் மீண்டு வளர முடியாமல் போகும். கடுங்கோடையில் குழு 3-ஐ ஒதுக்கிவைப்பதே நல்லது. அருகம்புல் இனத்துக் குட்டை பெர்முடா கிரீன்களுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும்.

பித்தியம் வோலூட்டத்துக்குப் பைராக்ளோஸ்ட்ரோபின் (குழு 11), சயாசோஃபாமிட் (குழு 21) இரண்டையும் மாற்றி மாற்றிப் போடுவது நல்லது. மெஃபெனாக்சம் மற்ற பித்தியங்களுக்குச் சரி, இதற்குப் பலவீனம். அளவை லேபிளில் உள்ளபடியே வையுங்கள்.

4. தண்ணீர் விடுங்கள்

பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். ‘சிஸ்டமிக்’ (செடிக்குள் பரவும்) என்று எழுதியிருந்தாலும், பெரும்பாலான மருந்துகள் செடிக்குள் கீழிருந்து மேலேதான் ஏறும். இலையில் அடித்தது வேருக்கு இறங்காது. சதுர மீட்டருக்கு 80 மி.லி. கரைசல் இலையை நனைக்க மட்டுமே போதும். இலை காய்வதற்குள் 3 முதல் 6 மி.மீ. தண்ணீர் விட வேண்டும். அதாவது சதுர மீட்டருக்கு 3 முதல் 6 லிட்டர். ஸ்ப்ரிங்ளர் ஓடும் நிமிடத்தை நம்ப வேண்டாம். நேர் சுவருள்ள டப்பாக்களைப் பரப்பி, சேரும் நீரை ஸ்கேலால் அளந்து பாருங்கள். மணல் தண்ணீரை உறிஞ்சாமல் உருட்டிவிட்டால் முந்தைய வாரமே ஈரமூட்டி போட்டிருக்க வேண்டும்.

டாலர் ஸ்பாட் போன்ற இலை நோய்க்கு நேர்மாறு: தெளித்த பிறகு தண்ணீர் கூடாது. குளோரோதலோனில் என்ற மருந்து இலையில் ஒட்டியிருந்தால்தான் வேலை செய்யும். ஒரே டேங்கில் இலைக்கும் வேருக்கும் சேர்த்துக் கலக்காதீர்கள்.

ஃபோசெட்டில் அலுமினியம் என்ற மருந்து மட்டும் மேலே சொன்ன விதிக்கு விலக்கு. இலையில் அடித்தாலும் கீழே இறங்கும். ஆனால் சில தயாரிப்புகளில் அதோடு பச்சை நிறமி கலந்து விற்கிறார்கள். அப்படியானால் தெளித்த மறுநாள் தெரியும் பச்சையில் சாயமும் இருக்கும்.

5. நாளைக் குறியுங்கள்

பித்தியம் வோலூட்டம் வேரைத் தாக்குவது மண் 10–24 டிகிரியில் இருக்கும் இலையுதிர் காலத்திலும் வசந்தத்திலும். கோடையில் தெரிவது அதன் விளைவு மட்டுமே. ஜூலையில் அடிப்பது தாமதம். தடுப்புத் தெளிப்பு அந்த இரு பருவங்களில் 3–4 வாரத்துக்கு ஒருமுறை இருக்கட்டும்.

ஜூலையில் செய்யக்கூடியது: வெட்டும் உயரத்தைச் சற்று ஏற்றுவது, ஊசித் துளையிடுவது, காற்றாடி வைப்பது, வாடிய இடத்துக்கு மட்டும் கையால் தண்ணீர் காட்டுவது.

மூன்று வாரம் கழித்துப் பலகை வைத்த இடத்திலும் வெளியிலும் மறுபடி மண் உருளை எடுங்கள். நிறத்தை விட்டுவிட்டு வேரின் நீளத்தை மட்டும் எழுதிவையுங்கள்.