வைஃபையிலிருந்து 4ஜிக்கு: வாசலில் அழைப்பு அறுபடாமல் இருக்க

ஆத்தா வளவில், அதாவது வீட்டின் உள்முற்றப் பகுதியில், உட்கார்ந்து போனில் பேச ஆரம்பிப்பார். பேசிக்கொண்டே முகப்பைத் தாண்டித் திண்ணைக்கு வருவார். அங்கே அழைப்பு அறுந்துவிடும். எண்பது வயதில் ஒவ்வொரு முறையும் எண்ணைத் தேடி அழுத்துவது அவருக்குச் சிரமம். காரைக்குடிப் பக்கத்துப் பழைய வீடு எங்களுடையது. சுவர்கள் அவ்வளவு தடிமன். உள்ளே 4ஜி எட்டாது, சாதாரண அழைப்பையே வீட்டு வைஃபை வழியாக அனுப்பும் வைஃபை காலிங்கை நம்பித்தான் பேச்சு. போன பொங்கலுக்கு ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து இதைச் சரிசெய்தேன்.

முதலில் வோல்ட்இ-யைப் பாருங்கள், அதாவது அழைப்பை 4ஜி வழியாகவே அனுப்பும் வசதியை. ஆத்தா போனில் வைஃபை காலிங் ஆன், வோல்ட்இ ஆஃப். பாதிக் கோளாறு அதுதான். வைஃபையில் பேசும்போது போன், சிம் நிறுவனத்தின் மையக் கட்டமைப்பு வரைக்கும் பூட்டிய குழாய் போல ஒரு பாதை போட்டுக்கொள்கிறது. வெளியே வந்து 4ஜிக்கு மாறும்போது, அந்தப் பாதையில் போனுக்குக் கிடைத்த ஐபி முகவரி (நெட்வொர்க்கில் போனை அடையாளம் காட்டும் எண்) கூடவே வருவதால், எதிர்முனையில் இருப்பவருக்கு மாறியதே தெரியாது. ஆனால் இறங்குவதற்கு அந்தப் பக்கம் வோல்ட்இ இருக்க வேண்டும். போன் 2ஜியில் நின்றால் அழைப்பு போய்விடும். சிம் அமைப்புகளில் இரண்டையும் ஆன் செய்து, நெட்வொர்க் வகையில் 4ஜி அல்லது 5ஜி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வைஃபை காலிங் உண்மையிலேயே வேலை செய்கிறதா என்று சோதிக்க: ஏரோபிளேன் மோடு போட்டு, வைஃபையை மட்டும் ஆன் செய்து ஒருவரைக் கூப்பிடுங்கள். மணி அடித்தால் சரி. அடிக்கவில்லை என்றால் ரவுட்டரின் ஃபயர்வால் என்ற தடுப்பு அமைப்பில், வைஃபை காலிங் போய்வரும் வாசல்களான யுடிபி 500, 4500 போர்ட்டுகள் அடைபட்டிருக்கின்றனவா என்று பாருங்கள்.

அப்புறம் ரவுட்டர். எங்கள் வீட்டில் இரண்டு. இரண்டாவதை மாட்டியவர் அதைத் தனி ரவுட்டராகவே விட்டுவிட்டார். வளவிலிருந்து முகப்புக்கு வந்தாலே போனின் வீட்டு வைஃபை ஐபி முகவரி மாறி, பேச்சு தடுமாறியது. அதை, முதல் ரவுட்டரின் வைஃபையை நீட்டிக்க மட்டும் செய்யும் ஆக்சஸ் பாயின்ட் மோடுக்கு மாற்றி, ஐபி முகவரிகளைக் கொடுக்கும் டிஹெச்சிபியை அதில் அணைத்து, இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே கடவுச்சொல் கொடுத்தேன். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க, 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றுக்குச் சேனல் 1, மற்றதற்கு 6.

ரவுட்டரை வைக்கும் இடம்தான் எனக்கு அதிக நேரம் எடுத்தது. வைஃபை தேய்ந்து போவதற்கு முன்பே 4ஜி கிடைக்கத் தொடங்க வேண்டும். ஒரு காலை ஊன்றிய பிறகுதானே மறுகாலை எடுக்கிறோம். எங்கள் வீட்டில் 4ஜி திண்ணையில்தான் எட்டுகிறது, வைஃபையோ முகப்புக் கதவுக்குள் முடிந்துவிட்டது. இரண்டாவது பெட்டியை முகப்பு ஜன்னலருகே நகர்த்தினேன். வைஃபை இப்போது திண்ணையைத் தாண்டிப் படி வரைக்கும் வருகிறது. போனைக் காதில் வைத்தபடி ஐந்தாறு தடவை உள்ளும் வெளியும் நடந்து பார்த்துவிட்டே இடத்தை முடிவு செய்யுங்கள்.

வாட்ஸ்அப் அழைப்பு வேறு கதை. அதற்கு மொபைல் டேட்டாவும் ஆனில் இருக்க வேண்டும். ஆண்ட்ராய்டில் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் என்ற மறைவான அமைப்புகளுக்குள் ‘மொபைல் டேட்டா ஆல்வேஸ் ஆக்டிவ்’ என்று ஒன்று உண்டு. பேட்டரி கொஞ்சம் கூடுதலாகப் போகும், ஆனாலும் ஆனில் வையுங்கள். அப்படியும் முகவரி மாறும் இடத்தில் சில விநாடி சத்தம் நின்று திரும்ப வரும். ஆத்தாவிடம் ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்: சத்தம் நின்றால் வைத்துவிடாதே, கொஞ்சம் பொறு, நான் இங்கேதான் இருக்கிறேன்.